ரீமேக் வரட்டும், பழைய கேமை ஏன் கடையிலிருந்து எடுக்கிறீர்கள்?

பழைய_சேவ்:

தலைப்பைப் பார்த்ததும் "வந்துட்டார்யா அந்தக் காலத்து ஆளு" என்று நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். நான் ரீமேக்குக்கு எதிரி இல்லை. 2019இல் ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கை மூன்று முறை முடித்தேன். 1998இல் வந்த ஒரிஜினலை எத்தனை முறை முடித்தேன் என்று கணக்கே இல்லை. (ஒரிஜினல் என்றால் முதலில் வந்த கேம் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன். ஒரிஜினல் சிடியை அந்தக் காலத்தில் நாங்கள் யார் கண்ணால் பார்த்தோம்?) இரண்டும் இரண்டு விதமான பயம். பழையதில் கேமரா ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். காலடிச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. புதியதில் கேமரா நம் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது, ஆனால் நம்மைத் துரத்தும் அரக்கன் மிஸ்டர் எக்ஸ் மாடியில் நடப்பது தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் வீட்டில் வைத்திருக்கிறேன். ஒன்றோடு ஒன்று சண்டை போடவில்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. 2021 நவம்பரில் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் "டெஃபினிட்டிவ் எடிஷன்" என்று பேர் வைத்து, புதுப்பித்து வெளியிட்டார்கள். அது வருவதற்கு முன்பே பழைய மூன்றையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்தாயிற்று. வந்தது என்ன? மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு, எதிரே வரும் கார் தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை. வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பழைய பிசி பதிப்புகளைத் தன் கடையில் திரும்ப வைப்பதாகவும் சொன்னது. சரி. ஆனால் புதியது நன்றாக வந்திருந்தால் பழையது திரும்பி வந்திருக்குமா? என் கணிப்பில், வந்திருக்காது.

வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் இன்னும் மோசம். 2020 ஜனவரியில் வந்தது. பழைய கேமைக் காசு கொடுத்து வாங்கி, புதியதை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களுக்கும் இணையத்தில் ஆடப்போனால் புதிய கேமின் மென்பொருள்தான் இறங்கியது. லேடர் (தரவரிசை) இல்லை, கிளான் (ஆட்டக் குழு) இல்லை. தன் வீட்டை இடித்துக் கட்டப்போய், பக்கத்து வீட்டுக்காரனின் சுவரையும் சேர்த்து இடித்த மாதிரி.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட் 2025 ஏப்ரல் 22 அன்று, அறிவித்த அன்றே விற்பனைக்கு வந்தது. 2006இல் வந்த பழைய ஆப்லிவியன் ஸ்டீம் என்ற இணையக் கடையில் அப்படியே இருக்கிறது. வேண்டியவர் வேண்டியதை வாங்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. மறுப்பவர்கள் வரலாம், டீ போட்டு வைத்திருக்கிறேன்.

கட்டைவிரல்:

அண்ணே, டீ எனக்கு வேண்டாம், ஆனால் மறுக்கிறேன்.

எனக்கு 23 வயது. உங்களுக்கு ரீமேக் என்பது இரண்டாவது ரவுண்டு, எனக்கு அதுதான் முதல் ரவுண்டு. ரெசிடென்ட் ஈவில் 4ஐ 2023 பதிப்பில்தான் பார்த்தேன். அசந்துபோய், ஒரு ஆர்வத்தில் 2005 பதிப்பையும் இறக்கினேன். துப்பாக்கியைத் தூக்கினால் கால் தரையில் வேர்விட்டு நின்றுவிடுகிறது. நடந்துகொண்டே சுட முடியாது. முதல் கிராமத்திலேயே நான்கு முறை தலை போயிற்று, மூடி வைத்துவிட்டேன். இதைக் கடையில் வைத்திருந்து யாருக்கு என்ன லாபம்?

ஃபைனல் ஃபேன்டஸி 7ம் அப்படித்தான். 1997இல் மூன்று டிஸ்க்கில் வந்தது, உலகமே அழுதது என்பீர்கள். நான் பார்த்தால் கிளவுடின் கை முருங்கைக்காயை வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. 2020 ரீமேக்கில்தான் எனக்கு அந்த ஆட்கள் மனிதர்களாகத் தெரிந்தார்கள். மிட்கார் நகரம் ஒன்றை மட்டும் எடுத்து முழு கேமாக ஆக்கினார்கள் என்று திட்டுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பழையதில் சில மணி நேரத்தில் கடந்துபோகும் ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் மூவருக்கும் இதில் சொந்த வாழ்க்கை இருக்கிறது.

இன்னொன்று. பழைய கேமைக் கடையில் வைப்பதும் சும்மா வருவதில்லை. ஒவ்வொரு விண்டோஸ் மாறும்போதும் யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். ஓடாத கேமை விற்றால் அதற்கும் நீங்கள்தான் திட்டுவீர்கள்.

பழைய_சேவ்:

அடப்பாவி, கிராமத்திலேயே கைவிட்டாயா?

தம்பி, அந்த நின்று சுடுவதுதான் அந்த கேமே. நீ நகர முடியாது என்பதால்தான் கிராமத்து ஆட்கள் அவ்வளவு மெதுவாக, சுற்றி வளைத்து வருகிறார்கள். ஓடுவதா, நின்று ஒரு குண்டு போடுவதா என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். 2023இல் நடந்துகொண்டே சுட விட்டார்கள், அதனால் எதிரிகளையும் வேகமாக்க வேண்டி வந்தது, அதற்காகக் கத்தியால் தடுக்கும் வசதி கொடுக்க வேண்டி வந்தது. ஒன்றை மாற்றினால் பத்தை மாற்ற வேண்டும். அதை ரெசிடென்ட் ஈவில் கம்பெனியான கேப்காம் அருமையாகச் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு கேம். வேறு கேம் வந்தால் முதல் கேமை எதற்காக ஒழிக்க வேண்டும்?

பழையதைக் கடையில் வைத்து யாருக்கு லாபம் என்கிறாய். முதல் மூன்று ரெசிடென்ட் ஈவில் கேம்களின் பழைய பிசி பதிப்புகளையே 2024இல் ஜிஓஜி தளத்தில் இன்றைய விண்டோஸில் ஓடும்படி செய்து விற்பனைக்கு வைத்தார்கள். ரீமேக்குகள் ஸ்டீமில் ஒரு பக்கம், இவை இன்னொரு பக்கம். மனம் இருந்தால் நடக்கிறது.

லோடிங்_திரை:

இரண்டு பேரும் கலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பர்ஸைப் பற்றிப் பேசுகிறேன்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ்: 2013இல் பிஎஸ்3 (சோனியின் பிளேஸ்டேஷன் 3). 2014இல் பிஎஸ்4க்கு ரீமாஸ்டர், அதாவது அதே கேம், படம் மட்டும் தெளிவு. 2022இல் பிஎஸ்5க்கு "பார்ட் 1" என்று ரீமேக், 70 டாலர். ஒன்பது வருஷத்தில் ஒரே கேம் மூன்று முறை. மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா செய்வது தப்பில்லை, நானும் சாப்பிடுவேன். ஆனால் உப்புமாவுக்கு விருந்துச் சாப்பாட்டு விலை போட்டால்?

பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டீமன்ஸ் சோல்ஸ் ரீமேக் 4,999 ரூபாய். எங்கள் வட்டத்தில் ஒருவன் வாங்குவான், முடித்ததும் அடுத்தவனுக்குக் கைமாற்றுவான். ஒரு டிஸ்க் ஆறு வீடு சுற்றும். டிஸ்க் போடும் வசதியே இல்லாத கன்சோலும், இறக்கிக்கொள்ளும் கேமும் வந்தபிறகு அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. போன வருஷம் நான் ஆசையாக முன்பதிவு செய்த ஒரு ரீமாஸ்டர் (பேர் வேண்டாம்) முதல் நாள் முழுக்க மெனுவைத் தாண்டவில்லை. டிஸ்க்காக இருந்தால் சாயங்காலமே யார் தலையிலாவது கட்டியிருப்பேன்.

ஏன் இப்படி ரீமேக்காகக் கொட்டுகிறது என்பதற்கும் காசுதான் பதில். 2023இல் மைக்ரோசாஃப்ட்-ஆக்டிவிஷன் வழக்கில் சோனியின் ஆவணம் ஒன்றில் கருப்பு மை சரியாக அடிக்காமல் விட்டதால் ஊருக்கே தெரிந்தது: தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2ஐச் செய்ய ஆன செலவு 22 கோடி டாலர். அவ்வளவு பணத்தைப் புதிய பேர் ஒன்றின் மேல் வைக்க யாருக்குத் தைரியம் வரும்? வைத்தவர்கள் கதையும் தெரியும். சோனியின் புதிய கேம் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்தார்கள். இரண்டு வாரம். எங்கள் தெருவில் ஜூஸ் கடைகூட அதைவிட அதிக நாள் ஓடியது. அதன்பிறகு எந்த மேலாளரும் "பழைய ஹிட் ஏதாவது இருக்கா, தூசி தட்டுங்க" என்றுதான் சொல்வார்.

பாலிகான்_பாவை:

வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று கை அரிக்கிறது.

நான் வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் ஓர் ஆர்ட் ஸ்டுடியோவில் இருக்கிறேன். "தூசி தட்டுவது" என்று எழுதியிருக்கிறீர்களே, லோடிங்_திரை, அது அவ்வளவு சுலபமில்லை. முதலில், தூசி தட்டப் பொருள் இருக்க வேண்டும். சைலன்ட் ஹில் திகில் கேம்களில் 2, 3 இரண்டையும் சேர்த்து 2012இல் எச்டி தொகுப்பாக வெளியிட்டபோது அதன் கம்பெனி கோனாமியிடம் இறுதி சோர்ஸ் கோட் (கேமின் மூல நிரல்) இல்லை. முடிக்கப்படாத ஒரு பழைய கோடை வைத்துத்தான் வேலை செய்தார்கள். முன்பே சரிசெய்யப்பட்ட பிழைகளையெல்லாம் மறுபடி தேடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கிங்டம் ஹார்ட்ஸ் எச்டி வந்தபோதும் இதே கதை, பழைய கோப்புகள் பல தொலைந்துபோயிருந்தன, திரும்பச் செய்தார்கள். அந்தக் காலத்தில் கேம் கடைக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது. இருபது வருஷம் கழித்து யாராவது கேட்பார்கள் என்று யார் நினைத்தார்கள்?

கோப்பு இருந்தாலும் அடுத்த சிக்கல். நான் ஒரு ரீமாஸ்டரில் மூன்று மாதம் பாறைகள் மட்டும் செய்தேன். பழைய பாறை நாற்பது முக்கோணங்கள், மேலே மங்கலான ஒரு படம். அந்தப் பச்சை பாசியா, நிழலா, இல்லை நிறம் போதாமல் அப்படி வந்ததா? கேட்க ஆளில்லை. நான் பாசி என்று முடிவு செய்தேன். இன்று அந்த கேமில் அது பாசி. இப்படி ஆயிரம் முடிவுகளை யார் யாரோ எடுக்கிறோம்.

இதற்குப் பெரிய உதாரணம் மூடுபனி. 1999இல் முதல் சைலன்ட் ஹில்லில் ஊரே பனியில் மூழ்கியிருந்ததற்குக் காரணம், பிளேஸ்டேஷனால் தூரத்தில் இருப்பதை வரைய முடியாது. குறையை மறைக்கப் போட்ட திரைதான் அந்த கேமின் ஆன்மாவாகிவிட்டது. 2012 எச்டி தொகுப்பில் பனி சரியாக வரவில்லை, மறைய வேண்டிய இடமெல்லாம் பல்லைக் காட்டியது. ஜிடிஏவிலும் அதே தவறு. சான் ஆண்ட்ரியாஸின் பழைய பதிப்பில் தூரம் எல்லாம் மங்கலாக இருக்கும், அதனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவது நெடும்பயணம் போலத் தோன்றும். டெஃபினிட்டிவ் எடிஷனில் அந்த மங்கலை எடுத்துவிட்டார்கள். சிலியாட் மலையில் ஏறி நின்றால் வரைபடம் முழுக்கக் கண்முன்னே, ஒரு பொம்மை ஊர் மாதிரி. மாநிலம் பேட்டையாகச் சுருங்கிவிட்டது! பிறகு வந்த திருத்தங்களில் பனியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ப்ளூபர் டீம் 2024இல் சைலன்ட் ஹில் 2ஐ ரீமேக் செய்தபோது இதைப் புரிந்துவைத்திருந்தது. இன்றைய கன்சோலுக்குப் பனி தேவையே இல்லை, ஆனாலும் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

அதனால் தலைப்போடு நான் உடன்படுகிறேன், ஆனால் காரணம் வேறு. நான் பாசி என்று நினைத்தது தப்பாக இருக்கலாம். பக்கத்தில் பழையது இருந்தால்தானே யாராவது பார்த்துச் சொல்ல முடியும்? டயாப்லோ 2 ரெசரக்டட் எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் 2000ஆம் வருஷத்துப் படம், திரும்ப அழுத்தினால் 2021. அடியில் ஓடுவது பழைய கணக்கேதான். எங்கே கைவைத்தோம் என்று செய்தவர்களே திறந்து காட்டுகிறார்கள்.

பழைய_சேவ்:

பாவை, முதல் பதிவிலேயே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. பனி விஷயத்தில் ஒரு சின்னச் சேர்க்கை. தூத்துக்குடியில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து சான் ஆண்ட்ரியாஸ் ஆடியபோது சிஸ்டம் தாங்காது என்று கடைக்கார அண்ணன் டிரா டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம்வரை காட்சி தெரியும் என்ற அளவை) கடைசிவரை இறக்கி வைத்திருப்பார். எங்கள் சான் ஆண்ட்ரியாஸ் அமெரிக்காவைவிடப் பெரியது.

யானைப்படை:

யாரும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றிப் பேசவில்லையே, என்ன ஊர் இது?

1999இல் வந்த கேம். 2013இல் எச்டி, 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன். செய்த என்செம்பிள் ஸ்டுடியோ 2009இலேயே மூடப்பட்டுவிட்டது. பேய் உலவும் வீடாக ஆகியிருக்க வேண்டியது, இன்றைக்கும் போட்டிகள் நடக்கின்றன, புதுப் படைகள் வருகின்றன. இதில் ரசிகர்களுக்குப் பெரிய பங்கு. ரசிகர்கள் தாங்களே கேமில் செய்த மாற்றமாக (மாட் என்பார்கள்) தொடங்கியதுதான் பின்னால் அதிகாரபூர்வ விரிவாக்கமாக வந்தது, அந்தக் குழு டெஃபினிட்டிவ் எடிஷனைச் செய்தவர்களிலும் இருந்தது.

நமக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 2013 விரிவாக்கத்தில் "இந்தியர்" என்று ஒரே ஒரு நாகரிகம். கன்னியாகுமரி முதல் இமயம் வரை எல்லாருக்கும் ஒரே ஒட்டகம். 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்து அதைப் பிரித்தது: வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானியர், திராவிடர். திராவிடருக்கு உருமி வீசும் வீரன், திரிசடை என்று ஒரு கப்பல், ராஜேந்திரன் பெயரில் தனிப் படையெடுப்பு. முதல் நாள் ஒரு கிராமத்து ஆளைக் கிளிக் செய்தேன். தமிழில் பதில் சொன்னான். இருபது வருஷமாக ஆடுகிற கேம் திடீரென்று நம் மொழியில் பேசினால் எப்படி இருக்கும்? நான் மரம் வெட்ட அனுப்பாமல் சும்மா அவனையே கிளிக் செய்துகொண்டிருந்தேன்.

இது ரீமேக்கா, ரீமாஸ்டரா, பேர் எதுவோ. பழையதைப் பளபளப்பாக்கியதோடு நிற்காமல், 1999இல் விட்டுப்போனதை எழுதிச் சேர்த்தார்கள். ரீமேக் செய்பவர்கள் இந்தத் திசையில் யோசிக்கட்டும்.

லோடிங்_திரை:

இந்தியா என்றதும் ஞாபகம் வருகிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ரீமேக் என்ன ஆயிற்று? நம் ஊரில் கொடுத்தார்கள், டிரெய்லரே பிஎஸ்3 காலத்து முகத்தோடு வந்தது. பாவை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாலிகான்_பாவை:

கோபித்துக்கொள்கிறேன்.

சாண்ட்ஸ் ஆஃப் டைம் 2003இல் வந்தது. ரீமேக்கை 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள், யுபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்கள் செய்தன. அறிவித்து நான்கு மாதத்தில், 2021 ஜனவரியில் விற்பனை என்றார்கள். டிரெய்லரைப் பார்த்து உலகமே சிரித்தது, உண்மைதான். மார்ச்சுக்குத் தள்ளினார்கள், பிறகு தேதியே இல்லை. 2022 மே மாதம் ஒரிஜினலைச் செய்த யுபிசாஃப்டின் மாண்ட்ரியல் ஸ்டுடியோவுக்கே வேலையை மாற்றினார்கள். கிண்டல் செய்தவர்கள் எல்லாம் "இனி கவலையில்லை" என்றார்கள். 2026 ஜனவரியில் யுபிசாஃப்ட் ஆறு கேம்களைக் கைவிட்டபோது இதுவும் அதில் போயிற்று. மாண்ட்ரியல் கைக்குப் போய் மூன்றரை வருஷத்துக்கு மேல். புனேக்காரர்களின் திறமைதான் குறை என்றால் அதற்குள் வந்திருக்க வேண்டாமா?

எல்லாரும் சிரித்த அந்த டிரெய்லரின் ஒவ்வொரு பிரேமும் யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து செய்தது. எவ்வளவு நாள், எவ்வளவு பணம், எந்த மாதிரி தோற்றம் என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் மேலே வேறு தளத்தில் இருப்பார்கள்.

லோடிங்_திரை:

சரி, வாபஸ். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

கட்டைவிரல்:

சண்டை முடிந்ததா? நான் ஒன்று கேட்கிறேன். ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட் வந்த இரண்டே நாளில், 2025 ஏப்ரல் 24 அன்று, கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 வந்தது. பிரான்ஸின் மான்பெலியே நகரத்தில் முப்பது பேர் செய்த கேம், 50 டாலர். முறை வைத்து அடிக்கும் பழைய பாணிச் சண்டை. ஃபைனல் ஃபேன்டஸியே கைவிட்ட பாணி அது. அந்த வருஷக் கடைசியில் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் அதுதான். பழைய கேமை ஒரு பொம்மைபோல அப்படியே திரும்பச் செய்வதைவிட, பழைய கேமில் எது பிடித்ததோ அதை எடுத்துப் புதிதாக ஒன்று செய்வது மேல் இல்லையா? அண்ணன் கேட்கும் கடைப் பிரச்சினையே வராது.

பாலிகான்_பாவை:

முப்பது என்பது உள்ளே இருந்த முக்கியக் குழு. சண்டை அசைவுகளுக்குக் கொரியாவிலிருந்து ஒரு குழு, இசைக்கலைஞர்கள், சோதனை செய்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் எல்லாம் தனி. பேர்ப்பட்டியலைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். என்னைப் போன்றவர்கள் அங்கேதான் இருப்போம்.

மற்றபடி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன்.

பழைய_சேவ்:

நான் பாதிதான் ஏற்கிறேன். புதியது வந்தால் சந்தோஷம், ஆனால் பழையதை அது காப்பாற்றாது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. ரீமேக் ஆவதெல்லாம் ஏற்கெனவே பேர் பெற்றவை. நான் ஆடிய, யாருக்கும் ஞாபகமில்லாத நடுத்தர கேம்களுக்கு ரீமேக்கும் இல்லை, ஒரிஜினலும் இல்லை.

இன்னொரு பக்கம் தி க்ரூ. 2014 கார் ரேஸ் கேம். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டி வைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்ததும், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றுமில்லை. அதை வைத்துத் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. இருபது வருஷம் கழித்து தி க்ரூவை யாராவது ரீமேக் செய்ய நினைத்தால், பாவை சொன்ன அந்தப் பாசியா நிழலா கேள்விக்குத் திறந்து பார்க்க அவர்களிடம் என்ன இருக்கும்? யூடியூப் வீடியோக்கள்.

கட்டைவிரல்:

இது உறைக்கிறது. என் தலைமுறை ஆடுவதில் பாதி சர்வர் கேம்தான். எனக்கு 40 வயதாகும்போது "அந்தக் காலத்தில்" என்று காட்ட ஒன்றும் இருக்காதுபோல.

அண்ணே, ரெசிடென்ட் ஈவில் 4 பழையதை இன்னும் அழிக்கவில்லை. கிராமத்தில் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

பழைய_சேவ்:

வீட்டுக்குள் ஓடு, மாடி ஏறு, ஷாட்கன்னை எடு. ஏணியைத் தள்ளிவிட மறக்காதே. மணி அடிக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும், எல்லாரையும் கொல்ல வேண்டியதில்லை.

யானைப்படை:

அதை முடித்துவிட்டு எல்லாரும் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏஜ் 2க்கு வாருங்கள், இரண்டுக்கு இரண்டு. திராவிடரை நான் எடுத்தாயிற்று. யுகம் ஏறும்போதெல்லாம் 200 மரம் எனக்கு இலவசம், லோடிங்_திரையின் பர்ஸுக்கும் ஏற்ற படை, ஆனால் தர மாட்டேன்.

லோடிங்_திரை:

வருகிறேன். பாவை என் பக்கம் ஆட வேண்டும், சமாதானத்துக்கு.

பாலிகான்_பாவை:

சனிக்கிழமை ஸ்டுடியோ வேலையை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் என்றால் வருகிறேன்.